மேற்பரப்பு மின்தேக்கிகளும் பழைய ஒலிக்கருவிகளும்

மேற்பரப்பு மின்தேக்கி என்பது மின்சுற்றுப் பலகையில் துளையிடாமல், அதன் மேல்பரப்பிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்கப்படும் மின்தேக்கி ஆகும். பழுதுபார்ப்போர் இதைக் கெபாசிட்டர் என்றே அழைப்பர். இவ்வகையில் சிறிய அலுமினியக் குப்பி வடிவில் அமைந்தவை மின்பகுளி மின்தேக்கிகள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட கையடக்க ஒலிக்கருவிகள் பல இன்று ஒலி எழுப்பாமல் கிடப்பதற்கு இக்குப்பிகளே பெரும்பாலும் காரணம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் கைத்தறிச் சேலைக்கும் சுங்கடிக்கும் பெயர்பெற்ற சின்னாளப்பட்டி போன்ற நெசவு ஊர்களில் பாட்டுப்பெட்டி தறியோடு சேர்ந்த பொருளாக இருந்தது. தறியில் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு. காது மட்டுமே சும்மா இருக்கும். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஎர்ட்சில் வரும் கோடைப் பண்பலையும் ஒலிநாடாக்களும் அந்த இடத்தை நிரப்பின. வானொலியும் நாடாப்பதிவும் சேர்ந்த 'டூ இன் ஒன்' பெட்டிகளில் பல, தூசி தட்டி மின்சாரம் கொடுத்தால் இன்றும் பாடும். அவற்றுக்குப் பின் வந்த வாக்மேன், டிஸ்க்மேன் போன்றவை பாடுவதில்லை. முந்தியது பிழைத்துப் பிந்தியது வீழ்ந்த இந்த விந்தைக்கு விடை மின்தேக்கியின் வரலாற்றில் உள்ளது.

அலுமினிய மின்பகுளி மின்தேக்கிக்கான காப்புரிமைக்கு கரோல் பொல்லாக் 1896ல் விண்ணப்பித்தார். அலுமினியத் தாளின் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலமே இதில் மின்காப்பு; படலத்தைத் தொட்டு நிற்கும் திரவமே எதிர்முனை. குறைந்த இடத்தில் அதிக மின்னூட்டத்தைத் தேக்க முடிந்ததால் வானொலிப் பெட்டிகளில் இது நிலைபெற்றது. இந்தியாவிலும் 1974ல் தொடங்கப்பட்ட கெல்ட்ரானின் கண்ணூர் உறுப்புத் தொழிற்சாலை கம்பிக்கால் கொண்ட இவ்வகை மின்தேக்கிகளைச் செய்தது. பெரிய பெட்டிகளில் இருந்தவை இத்தகைய கம்பிக்கால் மின்தேக்கிகளே.

சோனி நிறுவனம் 1979 சூலை 1 அன்று வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கின. கம்பிக்காலுக்கு இடமில்லாமல் போனது. குப்பியின் உயரம் சில மில்லிமீட்டராகக் குறைந்தது. அதன் அடியை மூடிய ரப்பர் அடைப்பும் அதற்கேற்ப மெலிந்தது. அதே காலத்தில் மின்தடையைக் குறைப்பதற்காகச் சில உற்பத்தியாளர்கள் குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு கலந்த மின்பகுளியைப் பயன்படுத்தினர். மின்னழுத்தத்தில் இருக்கும்போது எதிர்மின் முனைப் பக்கத்தில் காரம் சேர்ந்தது. காரம் அடைப்பை அரித்து வெளியேறி, பலகையின் செப்புத் தடங்களைத் தின்றது. அடைப்பு ஒருமுறை கெட்டபின் கருவியை அணைத்து வைத்தாலும் கசிவு நிற்பதில்லை. பெட்டியில் பத்திரமாக வைத்த வாக்மேனும் கெடுவது இதனால்தான். 2000களின் தொடக்கத்தில் கணினித் தாய்ப்பலகைகளில் பேசப்பட்ட மின்தேக்கி வெடிப்பு இதிலிருந்து வேறானது. அங்கு குற்றவாளி நீர் மிகுந்த, சரியாகக் கலக்கப்படாத மின்பகுளி.

வெப்பமும் மின்தேக்கியின் ஆயுளைக் குறைக்கிறது. 10 பாகை செல்சியசு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் தோராய விதி. திண்டுக்கல் சமவெளியின் கோடையில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடக்கும் கருவிக்கு இது நல்ல செய்தி அல்ல.

சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969ல் அமைந்த பர்மா பஜார் வழியாகவும், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியோர் கைப்பெட்டிகளிலும் இக்கருவிகள் தமிழகம் வந்தன. இன்று மாற்று உறுப்புகளுக்கு ரிச்சி தெருவும் இணைய விற்பனையும் வழி.

கசிவின் அடையாளங்கள் எளியவை. ஒரு பக்க ஒலி மங்கும், தாழ்ந்த சுரங்கள் மறையும், ஈயத்தின் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூக்கும், பற்றுக்கோலை வைத்தவுடன் மீன் வாடை எழும். பழைய குப்பியை நெம்பி இழுத்தால் அரிப்பில் நைந்த செப்புத் திட்டும் உடன் பெயர்ந்துவிடும். இந்த வேலையில் பெரும் இழப்பு இங்கேதான் நேர்கிறது. புதிய ஈயத்தைச் சேர்த்து இரு முனைகளையும் ஒரே நேரத்தில் இளக்கித் தூக்குவதே பாதுகாப்பு. பிறகு காரத்தை நீர்த்த வினிகரால் முறித்து, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் கழுவி உலர்த்த வேண்டும். கழுவாமல் புதியதைப் பொருத்தினால் அரிப்பு தொடரும்.

மாற்றாக எதை வைப்பது என்பதில் பழுதுபார்ப்போரிடையே ஒருமித்த கருத்து இல்லை. டாண்டலம் கசியாது, ஆனால் மின்னழுத்தம் மிஞ்சினால் எரியும், ஆகவே கூடுதல் வோல்ட் தாங்குவதைத் தேர்வர். பீங்கான் மின்தேக்கிகள் பலவற்றில் மின்னழுத்தம் ஏறும்போது கொள்ளளவு இறங்கும். அதிர்வும் ஒலியில் கலக்கலாம். எனவே ஒலி செல்லும் பாதையில் அவை ஏற்றவை அல்ல. தரமான புதிய அலுமினியக் குப்பியே பல இடங்களில் போதும். ஒரு பொறியும் உண்டு: அலுமினியக் குப்பியின் கருங்கோடு எதிர்முனையைக் காட்டும், டாண்டலத்தின் கோடோ நேர்முனையைக் காட்டும். பழக்கத்தில் கோட்டுக்கு நேராகக் கோடு வைத்தால் புதிய உறுப்பு அப்போதே போகும்.

சாதாரண ஒலிநாடாவுக்கு வேறொரு கருவி கிடைத்துவிடும். 1987ல் வந்த டாட் எனும் எண்ணிம ஒலிநாடாவின் நிலை அப்படியல்ல. வானொலி நிலையங்களும் நாட்டார் பாடல்களைப் பதிந்த ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்தினர்; சோனி 2005ல் டாட் கருவி உற்பத்தியை நிறுத்தியது. எஞ்சியுள்ள கருவிகள் பலவற்றினுள் இதே குப்பிகள் உள்ளன. யுனெசுகோ ஆதரவுடன் 2019ல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், கருவிகள் மறைவதால் 2025 அளவில் நாடாக்களைப் படியெடுக்கும் வாய்ப்பே அருகிவிடும் என எச்சரித்தது. வேறு பிரதி இல்லாத நாடாவை வைத்திருப்போர் மின்தேக்கிகளை மாற்றியபின் முதலில் தேவையற்ற நாடா ஒன்றை முழுதும் ஓட்டிப் பார்க்கின்றனர். அது சிக்காமல் வெளியே வந்தால்தான் மற்றது உள்ளே போகிறது.