காலிக் கட்டத்தில் நிற்கும் எண்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கிராணி என்ற எழுத்தர் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டை எழுதியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுதாத கட்டம் காலியாகவே இருக்கும். அதில் பழைய எண் ஒன்று தானாக வந்து நிற்காது. சி என்ற கணினி மொழியில் நிற்கும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அந்த மொழியில், ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண மாறியை யாரும் பூஜ்ஜியமாக்கித் தருவதில்லை. அந்த நினைவக இடத்தில் முந்தைய வேலை எதை விட்டுப்போனதோ, அதுவே மதிப்பு.

அதைப் பிடிக்கத்தான் எச்சரிக்கைகள் வந்தன. அதே ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1970களின் பிற்பகுதியில் நிரலில் உள்ள தவறுகளைச் சுட்டும் லிண்ட் என்ற கருவியை எழுதினார். மதிப்பு தருமுன் படிக்கும் மாறியைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், சரியான நிரலைக்கூடக் குறை சொல்ல நேரும் என்று அப்போதே அவர் குறித்து வைத்தார். அப்படியே ஆயிற்று. ஒரு நிபந்தனை பொருந்தினால் மட்டும் மாறிக்கு மதிப்பு தருகிறோம். பத்து வரி தள்ளி, அதே நிபந்தனையைச் சோதித்த பிறகுதான் அதைப் படிக்கிறோம். தவறே இல்லை. ஆனால் இரண்டு சோதனையும் ஒன்றுதான் என்பது சில நேரம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு எட்டாது. 2012-இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 4.7 பதிப்பு, இப்படிச் சந்தேகமானவற்றைத் தனி எச்சரிக்கையாகவே பிரித்துவிட்டது.

எச்சரிக்கையின் வாயை அடைக்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் மதிப்பிடாத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி புகார் சொன்னது. ஒரே மாதிரியான இரண்டு வரிகளை நீக்கினார்கள். அவற்றில் ஒன்று, ரகசியச் சாவிகளுக்கான தற்செயல் எண்களைக் கலக்கும் வரி! அது போனதும், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் மிஞ்சிய சாத்தியங்கள் ஏறத்தாழ 32,768 மட்டுமே. டெபியன் நிரலாளர் லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியாகும்வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் பலவீனமான சாவிகள் உருவாகிக்கொண்டே இருந்தன.

லினக்ஸின் மையமான கெர்னலில் 2007-இல் வேறொரு தந்திரம் நுழைந்தது: மாறிக்கு அதன் மதிப்பையே திருப்பித் தரும் மேக்ரோ. கம்பைலர் அடங்கிவிடும். பிறகு யாராவது நிரலை மாற்றி உண்மையிலேயே பிழை செய்தாலும் அது அடங்கியே இருக்கும். இதுதான் அதன் பெரிய கேடு. கெர்னல் நிரலாளர் கீஸ் குக் 2020-இல் அந்த மேக்ரோவை அகற்றினார். அதே ஆண்டு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், ஜிசிசி தனியாகப் பிரித்த அந்தச் சந்தேக எச்சரிக்கையைக் கெர்னலின் வழக்கமான தொகுப்பில் நிறுத்தி வைத்தார்.

2022-இல் வந்த ஜிசிசி 12, கேட்டுக்கொண்டால் மதிப்பு தராத மாறிகளைத் தானே பூஜ்ஜியமாக்கித் தருகிறது. ஆனால் அவற்றைப் பற்றிய எச்சரிக்கையை அப்போதும் அது கைவிடுவதில்லை.