கைவேலையைக் கீழே வைக்கும் நேரம்



ஜூலை 11ஆம் நாள் புனித பெனடிக்ட் திருநாள். நம் முன்னோர் அவரை ஆசீர்வாதப்பர் என்று அழைத்தனர். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். ஆதலால் இக்கண்டத்தில் வந்து குடியேறிய நமக்கும் அவர் பாதுகாவலரே. திருப்பலி முடிந்து ஆலய வாசலில் உங்களைச் சந்திக்கையில் நான் அடிக்கடி கேட்கும் சொல், "நேரமில்லை சுவாமி" என்பதாகும். நேரத்தைப் பற்றி இப்புனிதர் நமக்குக் கற்பிப்பது என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு இன்று சிந்திப்போம்.

பெனடிக்ட் ஏறத்தாழ 480ஆம் ஆண்டு இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தார். மேலை உரோமைப் பேரரசு 476இல் வீழ்ந்திருந்தது. பழைய ஒழுங்குகள் குலைந்துகொண்டிருந்த காலம் அது. கல்விக்காக உரோமைக்குச் சென்றவர், அந்நகர வாழ்வை வெறுத்துச் சுபியாக்கோ மலைக்குகையில் தனித்து வாழ்ந்தார். பின்னர் ஏறத்தாழ 529இல் மொந்தே கசினோ மலைமீது துறவு மடம் ஒன்றை நிறுவினார். அங்கு அவர் எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூல் இன்றளவும் பல மடங்களில் கைக்கொள்ளப்படுகிறது.

அந்நாளில் இயந்திரக் கடிகாரம் இல்லை. கதிரவன் தோன்றி மறையும் வரையுள்ள பொழுதை உரோமையர் பன்னிரண்டாகப் பகுத்தனர். எனவே கோடையில் ஒரு மணி நீண்டது, குளிர்காலத்தில் குறுகியது. இக்காலக் கணக்கில், உரோமையில் நடுக்கோடையின் ஒரு மணி ஏறத்தாழ 75 நிமிடம்; நடுக்குளிர்காலத்தில் ஏறத்தாழ 45 நிமிடம். இதற்கேற்பவே பெனடிக்ட் தம் துறவியரின் நாளை வகுத்தார். கோடையில் காலைச் செபத்தின் பின் நான்காம் மணி வரை கைவேலை. அதன்பின் ஆறாம் மணி வரை வாசிப்பு. உணவுக்குப் பின் படுக்கையில் ஓய்வு. பின்பு மாலைச் செபம் வரை மீண்டும் வேலை. குளிர்காலத்திற்கு வேறு வகுப்பு, தவக்காலத்திற்கு வேறொன்று. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்கப்படும். அதை முதலிலிருந்து இறுதிவரை அவர் படித்தாக வேண்டும்.

"செபமும் உழைப்பும்" என்னும் புகழ்பெற்ற தொடரை நாம் அவருடைய வாக்காகக் கருதுகிறோம். அத்தொடர் ஒழுங்குநூலில் இல்லை. பிற்காலத்தார் தந்த சுருக்கமே அது. அச்சுருக்கத்தில் விடுபட்டவை வாசிப்பும் ஓய்வும். அறிவு வளர்வதற்கும் உடல் தேறுவதற்கும் அவர் குறித்த நேரம், வேலை முடிந்த பின் மிஞ்சிய நேரமன்று. முன்னரே ஒதுக்கப்பட்ட நேரம்.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்கும் தூண், நூலின் 43ஆம் அதிகாரத்தில் உள்ளது. செப வேளைக்குரிய ஓசை கேட்டவுடன், கையில் இருப்பது எதுவாயினும் துறவி அதை விட்டுவிட்டு விரைந்து வரவேண்டும். தச்சனின் பலகை அரைகுறையாய் நிற்கலாம். எழுதுபவரின் வரி முடியாமல் நிற்கலாம். எவ்வளவு வேலை முடிந்தது என்பதை அந்த மணி கேட்பதில்லை. ஒரு வேலை எத்துணை நல்லதாயினும் அதற்கு எல்லை உண்டு என்பதையே அது அறிவித்தது.

அதே புனிதர் மனித இயல்பையும் அறிந்திருந்தார். இரவுச் செபத்திற்குப் பிந்தி வருவோரும் வந்து சேரும்படி, தொடக்கத்தில் வரும் ஒரு திருப்பாடலை மெதுவாக இழுத்துப் பாடச் சொன்னார். (ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தி வரும் அன்பர்கள் இதை என்னிடம் எடுத்துக்காட்ட வேண்டாம்!) தொலைவில் வேலை செய்வோர் வேலைத்தலத்திலேயே முழந்தாளிட்டுச் செபிக்கலாம் என்றார். நோயாளருக்கும் முதியோருக்கும் சிறுவருக்கும் விதியைத் தளர்த்தினார்.

இம்மரபின் ஒளி நம் மண்ணையும் எட்டியது. 1928இல் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை தோமஸ் அவர்கள் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். அத்துறவியரும் செபம், மௌனம், கைத்தொழில் என்றே நாளை வகுத்து வாழ்ந்தனர். தோலகட்டி நெல்லிரசத்தை அருந்திய நம்மில் பலர், அதன் பின்னிருந்த கால ஒழுங்கை எண்ணிப் பார்த்ததில்லை.

ஐரோப்பாவில் அந்த மணிக்கு நேர்ந்தது என்ன? நடுக்காலத்தில் நெசவுத் தொழில் வளர்ந்த நகரங்கள் தமக்கென வேலைமணிகளை நிறுவின. 1335இல் பிரான்சின் ஆமியேன் நகரம், தொழிலாளர் வேலைக்குச் செல்லும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் மணியால் அறிவிக்க மன்னரிடம் அனுமதி பெற்றது. அந்நூற்றாண்டிலேயே கோபுரக் கடிகாரங்களும் பரவின. "இதோடு நிறுத்து" என்று சொன்ன மணி, "இன்னும் நிறுத்தாதே" என்று சொல்லத் தொடங்கியது. தொழிற்சாலைக் காலத்தில் சிறுவர்கூட நீண்ட நேரம் உழைக்க நேர்ந்தது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, தொழிலாளரின் வேலை நேரத்திற்கு வரம்பும் ஓய்வும் வேண்டும் என்று தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதலாவது உடன்படிக்கை, தொழிற்சாலை வேலையை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. நீங்கள் இன்று பெறும் விடுமுறைநாளுக்குப் பின்னால் இத்தனை போராட்டம் இருக்கிறது.

ஆயினும் சட்டம் தந்த ஓய்வை நாமே விற்றுவிடுகிறோம். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. வார இறுதியில் மற்றொன்று. ஊரிலுள்ளோருக்கு அனுப்பவேண்டிய பணமும் வீட்டுக் கடனும் பொய்யல்ல. அதை நான் அறிவேன். ஆனால் பிள்ளைகளுக்காக வாங்கிய வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண நேரமில்லையெனில், எந்த இலக்கை நோக்கி நாம் ஓடுகிறோம்? தந்தையின் தமிழ் பிள்ளைக்கு விளங்காமல் போவதும், மனைவியின் நோய் முற்றிய பின் தெரியவருவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. "நாளை பார்ப்போம்" என்று தள்ளிய சிறுசிறு மாலைப் பொழுதுகளே அவ்வாறு திரள்கின்றன.

காலத்தைத் திட்டமிட விரும்புவோருக்குப் பெனடிக்டின் வழி இது: செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலோடு தொடங்காதீர்கள், நிறுத்தவேண்டிய நேரங்களோடு தொடங்குங்கள். செபத்திற்கும் குடும்ப உணவுக்கும் படிப்பிற்கும் உறக்கத்திற்கும் முதலில் இடம் குறியுங்கள். எஞ்சிய நேரத்திற்குள் வேலையை அடக்குங்கள். முறைவேலை காரணமாக ஒவ்வொரு வாரமும் நேரம் மாறுமாயின், கோடைக்கும் குளிருக்கும் அவர் வெவ்வேறாக வகுத்ததுபோல் நீங்களும் வாரந்தோறும் மாற்றி வகுத்துக்கொள்ளுங்கள். மாலையுணவு கூடாத வீட்டில் காலையுணவு கூடட்டும். நாள்தோறும் இயலாவிடில் வாரத்தில் இரண்டு நாள் போதும். ஆனால் அந்த இரண்டு நாளும் உறுதியாக இருக்கட்டும்.

இக்கிழமை குடும்பமாக அமர்ந்து, உங்கள் இல்லத்தின் மணி எப்போது ஒலிக்கவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அது ஒலிக்கும்போது கைவேலையையும் கைத்தொலைபேசியையும் கீழே வையுங்கள். முடியாத வேலை நாளையும் அங்கேயே இருக்கும். பிள்ளையின் பத்தாம் வயது இராது.

இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை