வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதி: கலிபோர்னியாவில் மாநிலப் பதவிகளும் மக்களிடம் கேட்கப்படும் கேள்விகளும்

அமெரிக்கப் பிரஜாவுரிமை எடுத்தபின் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாக்குச்சீட்டு இரண்டு நீண்ட தாள்கள், நான்கு பக்கம். ஊரில் ஒரு சின்னம், ஒரு புள்ளடி, இரண்டு நிமிட வேலை என்றே வாக்களிப்பை அறிந்திருந்தோம். மேலே இருந்த இரண்டு மூன்று பெரிய பதவிகளுக்கு மட்டும் வட்டத்தை நிரப்பினோம். மிச்சத்தை வெறுமையாக விட்டு, உறையை ஒட்டித் தபாலில் போட்டோம்.

அடுத்த ஆண்டு வீட்டுவரிச் சீட்டில் முன்பு இல்லாத ஒரு தொகை இருந்தது. கணக்கு எழுதுவது எங்கள் தொழில். எந்தச் சீட்டையும் மேலிருந்து கீழ்வரை பார்ப்பது பழக்கம். தேடிப் பார்த்தபோது, நாங்கள் வெறுமையாக விட்ட கேள்விகளில் ஒன்றின் முடிவுதான் அது என்று தெரிந்தது. பணம் பாடசாலைக்குத்தான் போகிறது. அதில் எங்களுக்குக் கோபமில்லை. எங்களிடம் கேட்டார்கள், நாங்கள் பதில் சொல்லவில்லை என்பதுதான் உறுத்தியது.

கலிபோர்னியாவில் வாழும் எங்கள் குடும்பங்களுக்காக, அந்தக் கீழ்ப்பாதியை எப்படி வாசிப்பது என்பதை இங்கே எழுதுகிறோம். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு. ஆனால் வாசிக்கும் முறை பெரிதும் இதுவே.

முதலில்: யார் வாக்களிக்கலாம்?

மாநிலத் தேர்தலிலும் மத்திய அரசுத் தேர்தலிலும் வாக்களிக்க 18 வயது நிரம்பிய அமெரிக்கப் பிரஜையாக இருக்கவேண்டும். அகதி அந்தஸ்து போதாது. கிறீன் கார்ட்டும் போதாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிவதற்கான கேள்விகளும் வரும். அவசரத்தில், அல்லது ஆங்கிலம் பிடிபடாமல், 'நான் பிரஜை' என்ற கட்டத்தை நிரப்பிவிட்டால் பின்னால் பெரிய வில்லங்கம். பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் 'எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா' என்று நேரடியாகவே கேட்கிறார்கள். தவறாக வாக்களித்தவர் நாடுகடத்தப்படும் நிலைகூட வரலாம். தவறுதலாகப் பதிந்துவிட்டவர்கள் பயந்து மறைக்காமல், விண்ணப்பம் எழுதுமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கவேண்டும்.

கடை வாசலில் பலகையோடு நின்று கையொப்பம் கேட்பவர்களிடமும் இதே கவனம் தேவை. அந்தக் கையொப்பம் பதிவுசெய்த வாக்காளருக்கு மட்டுமே உரியது. மரியாதைக்காகப் போடும் கையெழுத்து அல்ல அது.

மாநிலப் பதவிகள்: ஆளுநர் மட்டுமல்ல

இலங்கையில் அமைச்சர்களை ஜனாதிபதி நியமிப்பார். இங்கே பல பதவிகளை மக்களே தனித்தனியாகத் தெரிவு செய்கிறார்கள். 2022 இல் நடந்தது, அதற்கு அடுத்தது 2026. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் இத்தேர்தலில் ஆளுநரோடு இவர்களும் வருவார்கள்:

துணை ஆளுநர். இவர் ஆளுநரோடு சோடியாக வருபவர் அல்லர், தனியாகத் தெரிவாகிறார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினதும் மாநிலப் பல்கலைக்கழகத்தினதும் ஆட்சிக்குழுக்களில் இவருக்கு இடமுண்டு. பிள்ளையின் படிப்புக் கட்டணம் பேசப்படும் மேசையில் இவரும் இருக்கிறார்.

மாநிலச் செயலாளர். தேர்தல்களை நடத்துவதும் நிறுவனங்களைப் பதிவதும் இவர் பொறுப்பு.

சட்டமா அதிபர். மாநிலத்தின் முதன்மைச் சட்ட அதிகாரி.

கொன்ட்ரோலர். மாநிலத்தின் கொடுப்பனவுகளைச் செய்பவர், கணக்காய்வு செய்பவர். வருமான வரியைத் திரட்டும் வரிச்சபையின் மூவரில் ஒருவர்.

பொருளாளர். மாநிலத்தின் பணத்தை முதலீடு செய்து, கடன்முறிகளை விற்பவர்.

காப்புறுதி ஆணையாளர். 1988 இல் மக்கள் நிறைவேற்றிய 103 ஆம் பிரேரணைதான் இப்பதவியைத் தேர்தலுக்குக் கொண்டுவந்தது. கார், வீட்டுக் காப்புறுதிக் கட்டணத்தை உயர்த்த நிறுவனங்கள் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்றதும் அதுதான். காட்டுத்தீக்குப் பின் வீட்டுக் காப்புறுதி கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இந்தப் பதவியின் பாரம் தெரியும்.

பொதுக்கல்வி அத்தியட்சகர். கட்சிப் பெயர் இல்லாமல் போட்டியிடும் பதவி.

இவர்களோடு, சொத்துவரி மதிப்பீடுகளைக் கண்காணிக்கும் சமப்படுத்தல் சபைக்கு நான்கு தொகுதிகளிலிருந்து நால்வர் தெரிவாகிறார்கள்.

கட்சிப் போட்டி உள்ள மாநிலப் பதவிகளுக்கு ஜூனில் முதற்கட்டத் தேர்தல் நடக்கும். எந்தக் கட்சியாக இருந்தாலும் முதல் இரண்டு இடம் பெற்றவர்களே நவம்பருக்குப் போவார்கள். ஒரே கட்சிக்காரர் இருவர் மோதுவதும் உண்டு. ஆகவே ஜூனில் வீட்டில் இருந்துவிட்டு நவம்பரில் 'நல்ல ஆள் இல்லை' என்று சொல்வதில் நியாயமில்லை.

உயர்நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிபதிகளுக்கு 'ஆம், இல்லை' மட்டும் கேட்பார்கள். 1986 இல் பிரதம நீதியரசர் உட்பட மூவரை மக்கள் இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கேள்விகள் எங்கிருந்து வருகின்றன?

1911 இல் ஆளுநர் ஹைரம் ஜோன்சன் காலத்தில், மக்களே சட்டம் கொண்டுவரவும், சட்டசபை இயற்றிய சட்டத்தை மறுக்கவும், பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கவும் உரிமை வந்தது. ரயில்வே நிறுவனங்களின் பிடியிலிருந்து ஆட்சியை எடுப்பது அன்றைய நோக்கம்.

புதுச் சட்டம் கேட்க, கடந்த ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 5 சதவீத அளவு கையொப்பம் வேண்டும். மாநில அரசியலமைப்பைத் திருத்த 8 சதவீதம். சட்டசபையும் கேள்விகளை மக்களிடம் அனுப்பலாம். இன்று பெரிய நிறுவனங்களும் இதே வழியில் வருகின்றன. 2020 இல் செயலி வழியாக ஓடும் சாரதிகள் பற்றிய 22 ஆம் பிரேரணைக்காக அந்த நிறுவனங்கள் 20 கோடி டொலர் அளவில் செலவிட்டு வென்றன. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ஓட்டும் வேலை அது.

மக்கள் நேரடியாக நிறைவேற்றிய சட்டத்தைச் சட்டசபை தன் எண்ணப்படி மாற்ற முடியாது. அந்தச் சட்டமே இடம் கொடுத்தால் ஒழிய, திரும்பவும் மக்களிடம் வரவேண்டும். ஒருமுறை விட்ட பிழையைத் திருத்தப் பல ஆண்டு ஆகலாம்.

எங்கள் வீட்டைத் தொட்ட மூன்று கேள்விகள்

1978, 13 ஆம் பிரேரணை. வீட்டுவரியின் அடிப்படையை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பக்கத்து வீட்டுக்காரர் அதே அளவு வீட்டுக்கு உங்களில் பாதி வரி கட்டுவது இதனால்தான்.

1994, 187 ஆம் பிரேரணை. ஆவணமற்ற குடிவரவாளருக்குப் பொதுப் பாடசாலையையும் அவசரமல்லாத மருத்துவத்தையும் மறுக்கக் கேட்டது. 59 சதவீத அளவில் நிறைவேறியது. பெரும்பகுதியை மத்திய நீதிமன்றம் தடுத்ததால் நடைமுறைக்கு வரவில்லை. அதில் பாதிக்கப்படவிருந்தவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. வாக்கு உள்ளவர், வழக்கு முடியாதவர், அட்டைக்குக் காத்திருப்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வாழும் எங்கள் குடும்பங்கள் இதை மறக்கக்கூடாது.

2020, 19 ஆம் பிரேரணை. முன்பு பெற்றோரின் வீடு பிள்ளைக்கு வரும்போது பழைய குறைந்த வரி மதிப்பும் கூடவே வந்தது. 2021 பெப்ரவரி 16 முதல், பிள்ளை அந்த வீட்டைத் தன் சொந்த வசிப்பிடமாக்கினால்தான் அந்தச் சலுகை. அதற்கும் வரம்பு உண்டு. வாடகைக்கு விட்டால் இல்லை. மறுபக்கம், 55 வயது தாண்டியவர்கள் வீடு மாறும்போது பழைய மதிப்பை மாநிலத்துக்குள் எங்கும் கொண்டுபோகலாம். சுமார் 51 சதவீத ஆதரவோடு தப்பிப் பிழைத்த பிரேரணை இது. வீட்டை யாருக்கு எழுதுவது என்று எங்களிடம் கேட்க வருபவர்களில் பலர், இப்படி ஒரு கேள்வி தங்கள் சீட்டில் இருந்தது என்றே நினைவில்லாதவர்கள்.

கடன்முறிக் கேள்வியைக் கணக்காக வாசிப்பது

கடன்முறி என்பது கடன். 'பாடசாலைக்கு 1000 கோடி டொலர்' என்று தலைப்பில் இருந்தால், திருப்பிக் கட்டுவது அதைவிடக் கூட. 2024 இல் நிறைவேறிய 2 ஆம் பிரேரணைக்குச் சட்டசபை ஆய்வாளர் அலுவலகம் இட்ட மதிப்பீடு, ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டொலர், 35 ஆண்டுகள். பெருக்கினால் 1750 கோடி. இதனால் அது கெட்டது என்றாகாது. வீட்டுக் கடனும் அப்படித்தான். விலையைத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும், அவ்வளவே.

மாநிலக் கடன்முறி மாநில வருமானத்திலிருந்து கட்டப்படும். உள்ளூர்ப் பாடசாலைக் கடன்முறி உங்கள் வீட்டுவரிச் சீட்டில் ஏறும். 55 சதவீத விதியின் கீழ் வரும் கடன்முறி ஒன்றுக்கு, எல்லா வகுப்புகளும் உள்ள ஒன்றிணைந்த பாடசாலை வட்டாரத்தில், வரி மதிப்பின் ஒவ்வொரு 1,00,000 டொலருக்கும் 60 டொலர் ஆண்டு உச்சவரம்பு. உங்கள் வீட்டின் வரி மதிப்பு 7,00,000 என்றால் ஆண்டுக்கு 420 டொலர்வரை. சந்தை விலையை வைத்துப் பயப்படவேண்டாம். சீட்டில் உள்ள மதிப்பை எடுங்கள்.

வெறுமையாக விட்டால் அது 'இல்லை' ஆகாது. அந்தக் கேள்விக்கான எண்ணிக்கையிலேயே சேராது. 10,000 பேர் சீட்டனுப்பி, 2,000 பேர் ஒரு கடன்முறிக் கேள்வியை வெறுமையாக விட்டால், மிஞ்சிய 8,000 பேரில் 4,400 'ஆம்' இருந்தால் அது நிறைவேறும். 3,601 'இல்லை' இருந்தால் நின்றுவிடும். மாநிலப் பிரேரணைக்குப் பாதிக்கு மேல் போதும்.

'ஆம்' என்றால் என்ன?

சட்டசபை இயற்றிய சட்டத்தை எதிர்த்துக் கையொப்பம் சேர்த்தவர்கள் கொண்டுவரும் கேள்வியில், 'ஆம்' என்றால் அந்தச் சட்டம் இருக்கட்டும். 'இல்லை' என்றால் போகட்டும். 2022 இல் 31 ஆம் பிரேரணையில், சுவையூட்டிய புகையிலைப் பொருட்களுக்கான தடையை ஆதரித்தவர்கள் 'ஆம்' போடவேண்டியிருந்தது. தடை பிடிக்காத கம்பெனிகள் கொண்டுவந்த கேள்வி என்பதால் பலர் குழம்பினார்கள். மாநிலச் செயலாளர் அனுப்பும் வாக்காளர் கைநூலில் 'ஆம் என்றால் இது, இல்லை என்றால் இது' என்று ஒரு பகுதி உண்டு. முதலில் அதை வாசியுங்கள். பிறகு ஆய்வாளரின் செலவு மதிப்பீடு. பிறகு இரு பக்கத்தாரின் வாதம், கீழே யார் ஒப்பமிட்டிருக்கிறார்கள் என்பது. தொலைக்காட்சி விளம்பரம் கடைசி.

உறையும் கையொப்பமும்

பதிவில் செயற்படும் வாக்காளர் எல்லோருக்கும் சீட்டு தபாலில் வரும். திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டத் தேவையில்லை. உறையில் உங்கள் கையொப்பம் கட்டாயம்; அதைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். தமிழில் ஒப்பமிட்டுப் பதிந்தவர்கள் தமிழிலேயே இடுங்கள். பொருந்தாவிட்டால் கவுண்டியிலிருந்து கடிதம் வரும். அதை விளம்பரம் என்று எறியாமல் உரிய நாளுக்குள் நிரப்பி அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். கடைசி நாளில் தபாலை நம்பாமல் வாக்குப்பெட்டியில் போடுவது நல்லது.

ஆங்கிலம் வாசிக்காத பெரியவர்கள் தாங்கள் விரும்பும் ஒருவரின் உதவியைப் பெறலாம். வேலை கொடுப்பவரோ அவருடைய ஆளோ, தொழிற்சங்கத்தின் ஆளோ அந்த உதவியாளராக இருக்கக்கூடாது. உதவி என்பது வாசித்துச் சொல்வதும், அவர் சொன்னதை நிரப்புவதும். அம்மாவின் சீட்டைப் பிள்ளை தன் விருப்பப்படி நிரப்புவது உதவி அல்ல.

குடமும் விளக்கும்

மக்களிடம் கேள்வி கேட்கும் வாக்கெடுப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1982 டிசம்பர் 22 இல், 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தை இன்னும் 6 ஆண்டு நீடிக்கலாமா என்று இலங்கையில் கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. நாடு முழுவதும் எண்ணியபோது விளக்கு வென்றது. நாங்கள் அப்போது சிறுவர்கள். பெரியவர்கள் திண்ணையில் இருந்து 'போட்டும் என்ன பயன்' என்று பேசியது நினைவிருக்கிறது. அந்தப் பேச்சைக் கடல் தாண்டியும் கொண்டுவந்திருக்கிறோம் என்று, சீட்டின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்ட அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது கைநூல் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லோரும் இருக்கிறோம். பிள்ளைகள் வாசிக்கிறார்கள், நாங்கள் தொகையைப் போடுகிறோம், அம்மா கேள்வி கேட்கிறா. எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதில்லை. போன முறை அம்மா எங்களுக்கு எதிராகத்தான் போட்டா. விளங்காத கேள்வியை விடலாம், அதனால் சீட்டு செல்லாமல் போகாது. ஆனால் விடுவதற்குமுன் வாசித்துவிட்டு விடுங்கள்.