இச்சையும் இறைபணியும்: தெலீமாவின் தமிழ் வேர்

1901ஆம் ஆண்டு ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தில் இருபத்தைந்து வயது ஆங்கிலேயர் ஒருவர் வந்து இறங்கினார். மெக்சிகோ, ஹவாய், ஜப்பான், ஹாங்காங் எனச் சுற்றிக்கொண்டு வந்தவர். கவிஞர், மலையேறி, தந்தை விட்டுச்சென்ற பெரும் சொத்தைக் கரைத்துக்கொண்டிருந்தவர். பெயர் அலிஸ்டர் குரோலி. அவர் தேடி வந்தது ஆலன் பென்னட் என்ற நண்பரை. பென்னட் அப்போது கொழும்பில் ஒரு தமிழரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாடம் ஒரு பக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் பென்னட்டிடம் படித்தார்கள். பென்னட் அந்தப் பிள்ளைகளின் தந்தையிடம் யோகம் படித்தார்.

அந்தத் தந்தை பொன்னம்பலம் இராமநாதன். இலங்கை அரசின் சொலிசிட்டர் ஜெனரல். 1915 கலவரத்துக்குப் பிறகு சிங்களத் தலைவர்களுக்காக வாதாட லண்டன் வரை போனவர், யாழ்ப்பாணத்தில் பெண்களுக்காகக் கல்லூரி கண்டவர், கொழும்பு பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பியவர் என்றுதான் அவரை நாம் அறிவோம். அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: ஸ்ரீ பரானந்தா. தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்ட அவர், அந்தப் பெயரில் மத்தேயு நற்செய்திக்கு 1898இலும் யோவான் நற்செய்திக்கு 1902இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரை எழுதினார். ஒரு சைவர் தன் அனுபவத்தைக் கொண்டு விவிலியத்துக்கு உரை சொன்னது அன்றைய லண்டனுக்குப் புதுமை.

இருபதாம் நூற்றாண்டில் மேற்குலகில் பிறந்த மதங்களில் மிகுதியாகத் தூற்றப்பட்டதும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் தெலீமா. அதை நிறுவியவர் இந்தக் குரோலி. அதன் அன்றாடப் பயிற்சியில் பாதி யோகம். அந்த யோகம் அவர் கைக்கு முதலில் வந்த வழி, ஒரு தமிழ்ச் சைவரின் வீட்டு வழி. மதங்களின் வரலாற்றை எழுதும் தமிழர் இதை விட்டுவிடக் கூடாது.

கண்டியில் ஒரு பங்களா

கொழும்பின் புழுக்கம் இருவருக்கும் ஒத்துவரவில்லை. கண்டிக்கு ஏறிப்போய் 'மார்ல்பரோ' என்ற பங்களாவை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கே சில வாரங்கள் ஆசனம், பிராணாயாமம், தாரணை என்று முறையாகப் பயின்றார்கள். பென்னட் சொல்லிக் கொடுத்தார், குரோலி நாட்குறிப்பில் பதிந்தார். எத்தனை நிமிடம் அசையாமல் அமர்ந்தோம், எத்தனை முறை மனம் ஓடியது என்று கணக்கு வைத்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் தியான நிலை கூடியதாகக் குரோலி எழுதிவைத்தார். அந்தக் கண்டிக் குறிப்புகளைப் பின்னாளில் தன் 'ஈக்வினாக்ஸ்' இதழில் வெளியிட்டார்.

பிறகு இருவரும் பிரிந்தார்கள். பென்னட் பர்மாவுக்குப் போனார். குரோலி தமிழகத்துக்குள் நுழைந்து மதுரைக்கு வந்தார். இடுப்பில் ஒரு துணியும் கையில் ஒரு திருவோடுமாக ஊர்ப்புறத்தில் அமர்ந்ததாகவும், அதைக் கண்டவர்கள் தன்னைச் சில சன்னிதிகளுக்குள் அனுமதித்ததாகவும், அங்கே ஓர் ஆட்டைப் பலியிட்டதாகவும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அவர் சொல்லைத் தவிர இதற்குச் சாட்சி இல்லை. இந்தியர்களைப் பற்றியும் இலங்கை மக்களைப் பற்றியும் அதே மனிதர் இளக்காரமாகவும் இனவெறியோடும் எழுதிய பக்கங்களும் உண்டு. யோகத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவர், அதைக் காத்துவந்த மக்களை மதிக்கவில்லை. ஆனால் இராமநாதனைப் பற்றி அவர் மரியாதையோடு எழுதினார்.

கெய்ரோவில் மூன்று நண்பகல்கள்

1904இல் குரோலி தன் மனைவி ரோஸுடன் கெய்ரோவில் தங்கியிருந்தார். ஹோரஸ் என்ற எகிப்தியக் கடவுள் காத்திருப்பதாக ரோஸ் சொன்னார். அருங்காட்சியகத்துக்குப் போனபோது ஒரு பழங்கால மரப்பலகையைச் சுட்டிக்காட்டினார். அதன் காட்சி எண் 666. விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலில் வரும் விலங்கின் எண் அது. கண்டிப்பான கிறித்தவப் பிரிவில் வளர்ந்து, அடங்காத பிள்ளை என்று தாயாலேயே அந்த விலங்கின் பெயரால் அழைக்கப்பட்டவருக்கு அந்த எண் எப்படிப் பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஏப்ரல் 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களும் நண்பகலில் ஒரு மணி நேரம் ஐவாஸ் என்ற குரல் சொல்லச் சொல்லத் தான் எழுதியதாகக் குரோலி அறிவித்தார். மூன்று அதிகாரங்கள் கொண்ட அந்தச் 'சட்டத்தின் நூல்' தெலீமாவின் வேதமாயிற்று.

தெலீமா கிரேக்கத்தில் மன உறுதி, இச்சை என்று பொருள்படும். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே, மணியோசைக்குக் கட்டுப்படாமல் தங்கள் விருப்பப்படி வாழும் துறவியரின் மடம் ஒன்றைக் கற்பனை செய்து, அதற்குத் தெலெம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரும், விரும்பியதைச் செய் என்று அங்கே விளங்கிய ஒற்றை விதியும் குரோலியிடம் ஒரு மதத்தின் மையமாயின.

அந்த மையக் கருத்து இது. ஒவ்வொரு மனிதனும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு விண்மீன். ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு தனிப்பாதை உண்டு. அதுவே அவரவரின் உண்மை இச்சை. அதைக் கண்டறிந்து அதை மட்டும் செய்வதே சட்டம். அந்த இச்சைக்கு உட்பட்ட அன்பே அதன் இயங்குமுறை. பாதை தவறியவர்களே ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள் என்கிறது தெலீமா.

மனம் போனபடி வாழலாம் என்று இதைப் படித்தவர்கள் ஏராளம். குரோலியின் பகைவர்களும் அப்படித்தான் படித்தார்கள், அவருடைய சீடர்களில் பலரும் அப்படித்தான் படித்தார்கள். நூல்களைத் திறந்து பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. 1907இல் அவர் தொடங்கிய பயிற்சி அமைப்பில் சேர்ந்தவர் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். ஆசனத்தில் தேர்ச்சிக்குச் சோதனை, விளிம்பு வரை நீர் நிரப்பிய தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு துளி சிந்தாமல் ஒரு மணி நேரம் அமர்வது. பேச்சைக் கட்டுப்படுத்த இன்னொரு பயிற்சி: விலக்கப்பட்ட ஒரு சொல்லை, உதாரணமாக 'நான்' என்பதை, வாய் தவறிச் சொல்லும்போதெல்லாம் சவரக்கத்தியால் தன் கையில் தானே ஒரு கீறல். விடியல், நண்பகல், அந்தி, நள்ளிரவு என நான்கு வேளையும் சூரியனை வணங்க வேண்டும். சந்தியாவந்தனம் தெரிந்த நமக்கு இந்த ஒழுங்கு அந்நியமாகப் படாது. பாடத்திட்டத்தில் பகவத்கீதை, சிவ சம்ஹிதை, ஹடயோகப் பிரதீபிகை, விவேகானந்தரின் ராஜயோகம் எல்லாம் இடம்பெற்றன. அவரவர் தர்மத்தை அவரவர் செய்ய வேண்டும் என்ற கீதையின் பேச்சுக்கும் உண்மை இச்சைக்கும் உள்ள உறவு இங்கே தெளிவாகிறது.

மதமா, தத்துவமா?

இந்தக் கேள்வி தெலீமாவை ஆராய்பவர்களிடையே ஓயாமல் வருகிறது. வேதமும் தீர்க்கதரிசியும் இருக்கிறார்கள். நுயிட், ஹாடிட், ரா-ஹூர்-குயிட் என்ற எகிப்தியப் பெயருடைய தெய்வங்கள் இருக்கின்றன. 1904இலிருந்து எண்ணப்படும் ஆண்டுக் கணக்கும், 1913இல் மாஸ்கோவில் குரோலி எழுதிய பூசை முறையும் உள்ளன. அந்தப் பூசையை ஓ.டி.ஓ. என்ற அமைப்பு இன்றும் பல நாடுகளில் நடத்துகிறது. இவ்வளவும் இருப்பதை மதம் என்று சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம். அதே நேரத்தில், இந்தத் தெய்வங்களை மனதின் ஆற்றல்களாக மட்டும் கொண்டு, தன்னை அறியும் தத்துவமாகவே அதைப் பின்பற்றுபவர்களும் உண்டு. குரோலியே இரண்டு விதமாகவும் எழுதினார். ஒரே நெறி ஒருவருக்கு வழிபாடாகவும் இன்னொருவருக்குத் தத்துவ விசாரணையாகவும் நிற்பது நம் நாட்டில் பழகிய வழக்கம்தான்.

செஃபலூவின் மூன்று ஆண்டுகள்

1920 ஏப்ரலில் இத்தாலியின் சிசிலித் தீவில், செஃபலூ என்ற கடலோர ஊரில், ஒரு சிறு வீட்டைப் பிடித்து அதற்குத் தெலீமா மடம் என்று குரோலி பெயரிட்டார். ரபலேயின் கற்பனை மடத்தில் செல்வமும் தோட்டமும் நூலகமும் இருந்தன. இந்த மடத்தில் சுகாதாரம்கூட இல்லை. குரோலி ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய கைக்குழந்தை நோயில் இறந்தது. 1923 பிப்ரவரியில் ரௌல் லவ்டே என்ற ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் வயிற்று நோயால் அங்கே உயிர்விட்டார். லண்டன் நாளிதழ்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரலில் முசோலினியின் அரசு குரோலியை நாட்டைவிட்டு வெளியேற்றியது. 1947 டிசம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் அவர் இறந்தார்.

பென்னட்டின் கதை வேறாக நடந்தது. 1902இல் பர்மாவில் முழுத் துறவு பூண்டு ஆனந்த மெத்தேய்ய ஆனார். 227 விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார். 1908இல் இங்கிலாந்துக்குப் பௌத்தத் தூதுக்குழுவை அழைத்துச் சென்றார். ஆஸ்துமா உடலை உருக்கியதால் பின்னர் துறவாடையைக் கழற்ற நேர்ந்தது. வறுமையிலும் எழுதிக்கொண்டே இருந்து 1923 மார்ச்சில் காலமானார். செஃபலூ மடம் குலைந்ததும் அதே இளவேனிலில்தான்.

இராமநாதன் தன் குருவின் சொல்லிலிருந்து விலகாமல் 1930 வரை வாழ்ந்து, கல்விக்கூடங்களையும் கோயிலையும் விட்டுச் சென்றார்.

யோகம் ஒன்று, அதைக் கைக்கொண்ட மூவரின் வாழ்வும் மூன்று. இராமநாதனுக்கு மேலே குரு இருந்தார். பென்னட்டுக்கு மேலே சங்கம் இருந்தது. குரோலிக்கு மேலே யாரும் இல்லை.

புதுச்சேரியின் பதில்

செஃபலூவில் மடம் தொடங்கிய அதே 1920 ஏப்ரலில், 24ஆம் தேதி, மிர்ரா அல்ஃபாசா புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார். நாம் ஸ்ரீ அன்னை என்று அழைப்பவர். குரோலி வளர்ந்த ஐரோப்பிய மறையியல் உலகம் இவருக்கும் தெரியும். அல்ஜீரியாவின் திலெம்சென் நகரில் மாக்ஸ் தேயோன் என்ற மறையியலாளரிடம் 1906லும் 1907லும் அவர் தங்கிப் பயின்றார். 1910இல் புதுச்சேரிக்கு வந்திருந்த ஸ்ரீ அரவிந்தரோடு சேர்ந்து அவர் கண்ட பாதையிலும் மன உறுதிக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் அந்த உறுதி செய்யும் முதல் வேலை சரணாகதி. தன் இச்சையை இறைவனின் இச்சைக்கு ஒப்படைப்பதே அங்கே யோகத்தின் அடித்தளம்.

இந்தப் பேச்சு நம் மண்ணில் அதைவிடப் பழையது. புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் இருக்கிறது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தருவது பெண்ணையாறு. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அந்த நீர் வருகிறது. அதே ஆற்றின் கரையில், மேற்கே இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் தந்த ஊர் அது. பாகூர்ப் பக்கத்து வயல்களை நனைக்கும் ஆற்றங்கரையிலேயே இச்சையைப் பற்றிய ஆழமான விசாரணை எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்திருக்கிறது.

உயிருக்கு இச்சையும் அறிவும் செயலும் உண்டு என்று சைவ சித்தாந்தம் ஒப்புக்கொள்கிறது. அவற்றை மறைத்து நிற்பது ஆணவ மலம். உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். மலத்தைச் சார்ந்தால் மலத்தின் இச்சையே தன் இச்சை என்று நம்பும். ஆகவே குரு வந்து காட்ட வேண்டும், உயிர் தன்செயல் நீங்கி இறைபணியில் நிற்க வேண்டும். பத்தாம் சூத்திரம் இதைத்தான் பேசுகிறது.

தெலீமாவுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அகந்தையின் ஆபத்து அதற்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் உரிய காவல் தேவதையின் உரையாடலைப் பெற்ற பிறகே உண்மை இச்சை விளங்கும் என்றும், அதற்கும் அப்பால் ஒரு பாதாளத்தைக் கடக்கையில் 'நான்' முழுதாக அழிய வேண்டும் என்றும் அது சொல்கிறது. கோட்பாட்டில் குறை இல்லை. ஆனால் 'இது உன் உண்மை இச்சை இல்லை, உன் ஆணவம்' என்று நேருக்கு நேர் சொல்ல ஒருவரை அந்த மதத்தின் நிறுவனர் தன் அருகில் வைத்துக்கொள்ளவில்லை. செஃபலூவில் நேர்ந்த துயரங்களின் வேர் அங்கே இருக்கிறது என்பதே என் முடிவு.

தெலீமாவைச் சாத்தான் வழிபாடு என்று ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. நவீன மனிதனின் நேர்மையான கேள்வி ஒன்றை அது எழுப்பியது: பிறர் திணித்த வாழ்க்கையை விட்டுவிட்டு, எனக்கென்று அமைந்த வாழ்க்கையை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று இதே கேள்வியைக் கேட்கிறார்கள். விருப்பப்படி வாழாதே என்று அவர்களை அதட்ட வேண்டாம். உன் விருப்பம் எது என்று ஒழுங்காகத் தேடு, தேடும்போது உன்னைத் திருத்தும் உரிமையை ஒருவருக்காவது கொடு என்று சொல்லுங்கள். கொழும்பில் இராமநாதன் வாழ்ந்து காட்டியது அதைத்தான்.

(தொடரும்)