மேகத்துக்கு வரி இல்லை

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் தபால் கார்டு அளவு. படம் எடுத்தவர் ஹைப்போவைச் சரியாகக் கழுவவில்லையோ, எங்கள் வீட்டுச் சுவரின் ஓதம்தான் ஏறிவிட்டதோ, எனக்கு விவரம் தெரிகிற காலத்திலேயே அது மங்கத் தொடங்கியிருந்தது. முதலில் கண்கள் போயின. அப்புறம் மூக்கும் வாயும் போயின. கடைசியில் மிஞ்சியது பழுப்பாக ஒரு நிழல். அந்த நிழலின் இடது தோளில் ஜன்னலிலிருந்து விழுந்த கொஞ்சம் வெளிச்சம். அம்மா காலமானபோது எனக்கு ஐந்து வயது. ஆகையால் என் ஞாபகத்திலும் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். "இதைப் பெரிதாக்கித் தர முடியுமா?" என்று கேட்டேன். "பேஷாக! முகத்தையும் கொண்டுவந்துவிடலாம், ஸார். நம்மிடம் ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார்" என்றார்கள். பத்து நாளில் கொண்டுவந்தும் விட்டார்கள். தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள்ளிருந்து, வட்ட முகமும் வில் போன்ற புருவமும் கழுத்தில் இரட்டை வடச் சங்கிலியுமாக ஓர் அம்மாள் என்னைப் பார்த்துப் புன்னகை புரிந்தாள். என் தாயார் இரட்டை வடச் சங்கிலியை அடகுக் கடையில்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

படத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மாவை நன்றாக அறிந்தவள். நெடுநேரம் பார்த்தாள். "படம் லட்சணமாத்தான் இருக்கு. யாருடா இது?" என்றாள். பிறகு பழைய அட்டையை என் கையிலிருந்து வாங்கித் தன் டிரங்குப் பெட்டியில், புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். "எனக்கு இது போதும்."

"அதிலே ஒண்ணுமே தெரியலையே, அக்கா!"

"உனக்குத் தெரியலை" என்றாள்.

உருவம் உள்ள படம் யாரோ ஒருத்தியாக இருக்கிறது. உருவமே போய்விட்ட படம் அம்மாவாக இருக்கிறது. இது என்ன விந்தை? இந்தக் கேள்விக்கு விடை போன்ற ஒன்று பல வருஷங்களுக்குப் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. கொடுத்தவர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கர்.

காமிராப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஒரு நாள் அவர் ஒரு தடித்த புத்தகத்தை என் மடியில் வைத்து, "பார்த்துவிட்டுச் சொல்லும்" என்றார். பக்கத்துக்கு ஒரு படம். படத்துக்கு ஒரு மேகம். மரம் இல்லை, மலை இல்லை, வீட்டுக் கூரை இல்லை, அடிவானம்கூட இல்லை. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓய், எந்தப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு பார்ப்பது?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "அந்தக் கேள்வி வந்துவிட்டதல்லவா? இனிமேல் கதையைச் சொல்லலாம்" என்றார். அவர் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புகைப்படம் பிறந்ததே சாயல் பிடிப்பதற்காகத்தான். 1839-ஆம் ஆண்டில் பிரான்ஸில் டாகேரின் முறையும் இங்கிலாந்தில் டால்பட்டின் முறையும் வெளியானபோது, உள்ளது உள்ளபடி வந்துவிடுகிறதே என்றுதான் ஜனங்கள் வியந்தார்கள். ஆனால் அந்த ஆரம்ப நாட்களிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. டால்பட் காமிரா இல்லாமலே படம் எடுத்தார்! வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தின்மேல் ஓர் இலையையோ லேஸ் துணியையோ வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் கறுத்துவிடும். மூடியிருந்த இடம் வெளுப்பாக நிற்கும். ஆன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கில மாது 1843-இல் கடற்பாசிகளை இவ்விதமே நீலக் காகிதத்தில் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். அவருடைய நோக்கம் தாவர சாஸ்திரம். ஆனாலும் நீலப் பரப்பில் வெள்ளையாக மிதக்கும் அந்தப் பாசிகளைப் பார்க்கும்போது பாசியின் பெயர் மறந்து போகிறது. கோடுகளின் ஓட்டந்தான் மனத்தில் நிற்கிறது.

அதன் பிறகு வெகு காலம் காமிரா ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கல்யாணத் தம்பதிகள், கோட்டைகள், யுத்த களங்கள் எல்லாவற்றையும் படம் பிடித்தது. இதற்குள் ஓவியர்களின் போக்கு மாறிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் காண்டின்ஸ்கி முதலியவர்கள் உருவத்தையே கைவிட்டு, நிறத்தையும் கோட்டையும் மட்டும் கொண்டு எழுதத் தலைப்பட்டார்கள். காமிராக்காரர்களுக்கு உறுத்தல் உண்டாயிற்று. தூரிகைக்குக் கிடைத்த விடுதலை நமக்குக் கிடையாதா?

அந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்டவர் ஆல்வின் லாங்டன் கோபர்ன். பாஸ்டனில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். உருவமற்ற புகைப்படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று 1916-இல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி அதன் வழியே படம் எடுத்தார். குழந்தைகள் வளையல் துண்டுகளைப் போட்டு உருட்டிப் பார்க்கும் வர்ணஜாலக் குழாய் இருக்கிறதே, ஏறக்குறைய அதே தந்திரம். கண்ணாடி மேஜையின்மேல் வைத்த படிகத் துண்டும் மரத்துண்டும் சிதறி, மடிந்து, வைரம்போல் முனைமுனையாகத் தெறித்தன. கவி எஸ்ரா பவுண்ட் இவற்றுக்கு 'வார்டோகிராப்' என்று நாமகரணம் செய்தார். 1917-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டனில் கண்காட்சி நடந்தது. பிறகு கோபர்ன் அந்தப் பாதையில் வெகுதூரம் போகவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் 'எப்படிச் செய்தார்?' என்று கேட்கத் தோன்றுகிறதே தவிர, 'எதற்காகச் செய்தார்?' என்று கேட்கத் தோன்றவில்லை.

அதே 1916-இல் அமெரிக்காவில் பால் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞர் கோடை விடுமுறைக்குப் போன இடத்தில், சமையலறைக் கிண்ணங்களையும் தாழ்வாரத்தில் கம்பி கம்பியாக விழுந்த நிழலையும் மிக அருகில் போய் எடுத்தார். கண்ணாடி வித்தை ஒன்றுமில்லை. கிண்ணத்தின் விளிம்பு வெறும் வளைவாகிவிட்டது. நிழல் வெறும் பட்டையாகிவிட்டது. இந்த ஸ்ட்ராண்டை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்தான் நம் ஸ்டீக்லிட்ஸ். அவர் நடத்திய 'காமிரா ஒர்க்' பத்திரிகையின் கடைசி இதழ், 1917-இல், முழுக்க முழுக்க ஸ்ட்ராண்டின் படங்களோடு வெளிவந்தது.

இனி ஸ்டீக்லிட்ஸின் கதைக்கு வருகிறேன். 1922-ஆம் வருஷத்துக் கோடைகாலம். அவருக்கு வயது 58. நியூயார்க் மாகாணத்தில் ஜார்ஜ் ஏரிக்கரையில் இருந்த குடும்ப வீட்டில் தங்கியிருந்தார். அந்த நாட்களைப் பற்றி மறு வருஷம் அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தாயார் மரணப் படுக்கையில் இருந்தாள். சொத்து சிதறிக்கொண்டிருந்தது. வீட்டில் 37 வயதுக் கிழக் குதிரை ஒன்று. அதை உயிரோடு காப்பாற்றிக்கொண்டிருந்தவர் 70 வயது வண்டிக்காரர். நோய் கண்டு அமெரிக்கா முழுவதும் செஸ்ட்நட் மரங்கள் பட்டுக்கொண்டிருந்த காலம். அவருடைய குன்றின் மேலிருந்த பெரிய மரத்துக்கும் அதே கதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சாவு.

இந்தச் சமயத்தில் வால்டோ பிராங்க் என்ற எழுத்தாளர், ஸ்டீக்லிட்ஸ் எடுக்கும் முகங்கள் அத்தனை உயிரோடு விளங்குவதன் ரகசியத்தை விளக்க முன்வந்தார். எதிரே உட்காருகிறவர்களை அவர் தம் வசியத்தினால் மயக்கிவிடுகிறார் என்பது அந்த விளக்கம். அதாவது, சரக்கு முகத்தில் இருக்கிறது, படத்தில் இல்லை. கிழவருக்குச் சுருக்கென்று தைத்தது. மேகத்தை யார் வசியம் செய்ய முடியும்? அது எல்லாருக்கும் பொது. அதற்கு இன்னும் ஒருவரும் வரி போடவில்லை. இவ்விதம் சொல்லிக்கொண்டு காமிராவை ஆகாயத்தை நோக்கித் திருப்பினார்.

இங்கே ஒரு தொழில் சங்கதியைச் சொல்ல வேண்டும். புகைப்படத்துக்கு நெடுங்காலமாக அகப்படாமல் தப்பி வந்தது ஆகாயம்தான். பழைய பிளேட்டுகளுக்கு நீல நிறத்தின்மேல் அளவுக்கு மீறிய பிரியம். நீல வானமும் வெண்மேகமும் அவற்றுக்கு ஒன்றுபோலவே படும். படத்தில் இரண்டும் வெள்ளைச் சுண்ணாம்பாக வந்து நிற்கும். பிரான்ஸில் லெ கிரே என்பவர் 1850-களில் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியே எடுத்து ஒட்டிச் சமாளித்தார். 1873-இல் ஜெர்மானியப் பேராசிரியர் வோகல், பிளேட்டில் சாயம் கலந்தால் மற்ற நிறங்களும் அதன் 'கண்ணுக்கு'ப் புலப்படும் என்று கண்டுபிடித்தார். அந்த வோகலிடம் பெர்லினில் பாடம் படித்தவர் ஸ்டீக்லிட்ஸ். மாணவப் பருவத்தை ஒட்டிய நாட்களிலேயே ஸ்விட்சர்லாந்து மலையில் மேகத்தைப் பிடிக்க முயன்று பார்த்தார். அந்த ஆசை முப்பத்தைந்து வருஷமாக உள்ளே கிடந்திருக்கிறது. வைராக்கியம் ஒரு நாளில் வரலாம்; கைத்திறன் வருவதில்லை.

1922-இல் எடுத்த பத்துப் படங்களுக்கு அவர் வைத்த தலைப்பு 'சங்கீதம்'. எர்னஸ்ட் பிளாக் என்ற இசைமேதை இவற்றைப் பார்த்து, 'அட, இது சங்கீதமல்லவா!' என்று கூவ வேண்டும் என ஆசைப்பட்டார். அப்படியே நடந்தது என்றும் எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் கைக்கடக்கமான சிறிய காமிராவுக்கு மாறினார். முதலில் எடுத்தவற்றில் அடியில் ஒரு மலைக் கோடாவது இருந்தது. இப்போது காமிராவை அண்ணாந்து பிடித்ததும் பூமியே படத்தைவிட்டுப் போய்விட்டது. பூமி போனதும் மேல், கீழ், தூரம், கிட்டம் எல்லாம் போயின. அப்படங்களுக்கு 1925 முதல் அவர் இட்ட பெயருக்கு 'நிகர்கள்' என்று பொருள். எதற்கு நிகர்? தம் உள்ளத்தில் நிகழ்ந்த அனுபவத்துக்கு நிகர் என்றார். ஏறக்குறைய பத்து வருஷம் விடாமல் எடுத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது.

நம்மவர்களுக்கு இது புரியாமல் போக நியாயம் இல்லை. வித்துவான் தோடியை எடுத்து முக்கால் மணி ஆலாபனை செய்கிறார். ஒரு வார்த்தை சாகித்தியம் உண்டா? 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று யாராவது எழுந்து கேட்கிறோமா? கண்ணை மூடிக்கொண்டு அழுகிறோம். காதுக்கு நாம் கொடுத்துவிட்ட உரிமையைக் கண்ணுக்குக் கொடுக்க மட்டும் தயங்குகிறோம்.

இந்தக் கதையில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877-இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1917 முதல் பாஸ்டன் கலைக்கூடத்தில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பில் இருந்தார். நடராஜ வடிவத்தின் தத்துவத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர்; தாமே காமிரா பிடிக்கவும் தெரிந்தவர். அவருடைய முயற்சியால் 1924-இல் ஸ்டீக்லிட்ஸ் தம் படங்கள் 27-ஐ அந்தக் கலைக்கூடத்துக்கு அளித்தார். புகைப்படத்தைக் கலைப்பொருள் என்று ஏற்று உள்ளே சேர்த்துக்கொண்ட பெரிய அமெரிக்கக் கலைக்கூடங்களில் பாஸ்டன் முந்திக்கொண்டது. கதவைத் திறந்துவிட்ட கைகளில் ஒன்று பாதித் தமிழ்க் கை என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பிறகு இந்தக் கலை பல கிளைகளாகப் பிரிந்தது. 1922-இல் பாரிஸில் மான் ரே என்பவர் இருட்டறையில் கைதவறி, வெளிச்சம் படாத காகிதத்தை மருந்தில் நனைத்துவிட்டார். அதன்மேல் ஒரு கண்ணாடிப் புனலையும் தெர்மாமீட்டரையும் வைத்துவிட்டு விளக்கைப் போட்டாராம். புனலின் ஆவி மாதிரி ஒன்று காகிதத்தில் எழுந்து நின்றது. டால்பட்டின் பழைய வித்தை புது வேஷத்தில் திரும்பி வந்தது! 1940-களில் ஆரன் ஸிஸ்கிண்ட் என்பவர், ஏழைகள் வாழும் தெருக்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர், உரிந்த பெயிண்டையும் வெடித்த சுவரையும் எடுக்கத் தொடங்கினார். 1951-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் உருவமற்ற புகைப்படங்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தது. 2018-இல் லண்டன் டேட் மாடர்னில் நூறு வருஷச் சரித்திரத்தையே வரிசையாக வைத்துக் காட்டினார்கள்.

'வானத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது ஒரு கலையா?' என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பாதிச் சம்மதம் உண்டு. புரியாததெல்லாம் உயர்ந்தது என்று சாதிக்கிறவர்கள் இந்தத் துறையிலும் தாராளமாக இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் நான் யோசித்துப் பார்க்கிறேன். ஓவியன் தன் மனத்திலிருந்தே ஒரு நிறத்தை எடுத்துப் பூசிவிடலாம். காமிராக்காரனால் அது முடியாது. அவன் எவ்வளவுதான் உருவத்தைத் துறந்தாலும், அந்த நிமிஷத்தில் அங்கே ஒன்று இருந்திருக்க வேண்டும். அதன்மேல் பட்ட வெளிச்சம் பிளேட்டில் வந்து விழுந்திருக்க வேண்டும். தாய் செத்துக்கொண்டிருந்த கோடையில் அந்த ஏரிக்கு மேலே அந்த மேகம் போனது நிஜம். பெயர், வடிவம், மேல், கீழ் எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்த ஸ்பரிசம் மிஞ்சுகிறது.

அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஸ்டுடியோக்காரர் எனக்குக் கொடுத்தது கண், மூக்கு, சங்கிலி எல்லாம் அமைந்த உருவம். அதில் அம்மாவைத் தொட்ட வெளிச்சம் ஒரு இழைகூட இல்லை. பழைய அட்டையிலோ வேறு எதுவுமே இல்லாவிட்டாலும், ஒரு பகல் வேளையில் அவள் தோளில் பட்டுத் திரும்பிய வெயில் இருந்தது. அக்கா அந்தத் தோளில் தலை வைத்துத் தூங்கியவள். அவளுக்கு அது போதும்.

அக்கா போன பிறகு டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. அட்டை இன்னும் மங்கிவிட்டது. எந்தப் பக்கம் மேல் என்று புதியவர்களுக்குத் தெரியாது. தங்க முலாம் சட்டம் போட்ட பெரிய படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "உங்கள் தாயாரா? என்ன லட்சணம்!" என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. அம்மா உள்ளே பெட்டியில் இருக்கிறாள்.