நீரிழிவும் காசநோய் எதிர்ப்பாற்றலும்

சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். ‘உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை’ என்று இதற்குக் காரணம் சொல்வது பாதி உண்மைதான். எதிர்ப்புச் செல்கள் தாமதமாக வருகின்றன, வந்தபின் அளவு மீறுகின்றன.

மூச்சில் புகும் கிருமியை நுரையீரலின் காற்றறைகளில் உள்ள விழுங்கு செல்கள் முதலில் பிடிக்கின்றன. பிறகு கிளைத்த செல்கள் கிருமியை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டு சேர்த்தால்தான் அங்குள்ள டி செல்கள் விழித்து நுரையீரலுக்குத் திரும்பும். இதற்கு எலிகளிலேயே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நீரிழிவு எலிகளில் இன்னும் தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில் கிருமி பெருகிவிடும். பெருகிய கிருமிக்கு எதிராகப் பின்னால் எழும் அழற்சியும் பெரிதாகி நுரையீரலையே அரிக்கிறது.

மனிதரில் இதைக் காட்டிய முக்கிய ஆய்வுகள் சிலவற்றைச் செய்தது சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் உருவான இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே சுபாஷ் பாபு குழுவினர் 2013-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, சர்க்கரையும் உள்ள காசநோயாளிகளிடம் டி.எச்.1, டி.எச்.17 வகை டி செல்களும் அழற்சிப் புரதங்களும் கூடியிருந்தன. நோய் வெளிப்படாமல் கிருமி மட்டும் உறங்கும் நிலையில், சர்க்கரை உள்ளவர்களிடம் அதே செல்களின் செயல்பாடு குறைந்திருந்தது பின்னர் தெரியவந்தது. காவல் வேண்டிய நேரத்தில் குறைவு, நோய் முற்றியபின் மிகை.

தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நெசவு ஊரான ஆரணியில், வீட்டுக் குழித்தறியில் நாள் முழுக்க உட்காரும் நெசவாளர் ‘சர்க்கரையால்தான் இளைத்துவிட்டேன்’ என்று நினைத்தால் சளிப் பரிசோதனை தள்ளிப்போகும். எடை குறைவது இரண்டு நோய்க்கும் பொது. காசநோயாளிக்குச் சர்க்கரையும், சர்க்கரை நோயாளிக்குக் காசநோயும் பார்க்க வேண்டும் என்கிறது 2017-ன் தேசியக் கூட்டு வழிகாட்டுதல். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால் மருந்தளவையும் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைச் சர்க்கரை இல்லாத காசநோயாளிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தும் அந்தச் சென்னை நிறுவனம் சோதித்தது. 2022-ல் வெளியான முடிவின்படி, சளியில் கிருமி மறையும் வேகம் கூடவில்லை; மிகையான அழற்சி மட்டும் தணிந்தது.