தனியுரிமைக்காக மின்னஞ்சல் சேவையை மாற்றுதல்

ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்ற பெருநிறுவனச் சேவைகளை விட்டு, சேவை நடத்துபவரே படிக்க இயலாதபடி கடிதங்களை மறையாக்கம் செய்து வைக்கும் சேவைக்கு மாறுவது, இணையத் தனியுரிமையைக் காக்கும் வழிகளுள் ஒன்று.

2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமான ஜிமெயில், 1 ஜிபி இடத்தை இலவசமாகத் தந்தது. அதற்கு ஈடாகக் கடிதத்தின் சொற்களைக் கணினியே படித்து, பொருத்தமான விளம்பரங்களைக் காட்டியது. விளம்பரத்துக்காகப் படிப்பதை நிறுத்துவதாக 2017இல் கூகுள் அறிவித்தது. ஆனாலும் கடிதங்களைத் திறக்கும் சாவி நிறுவனத்திடமே உள்ளது. சட்டப்படி ஆணை வந்தால் உள்ளடக்கத்தையே அரசிடம் கொடுக்க முடியும். அமெரிக்க உளவுத்துறை இப்படித் தரவு பெற்று வந்ததை 2013இல் அத்துறையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. அவர் பயன்படுத்திய லாவாபிட் மின்னஞ்சல் சேவை, மறையாக்கச் சாவியை ஒப்படைக்கும்படி வற்புறுத்தப்பட்டதால் அவ்வாண்டு ஆகஸ்டில் மூடப்பட்டது. செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய அறிவியலாளர்கள் 2014இல் ஜெனீவாவில் தொடங்கிய புரோட்டான் மெயில் வளர்ந்தது இந்தச் சூழலில்தான். ஜெர்மனியின் ஹனோவரில் இயங்கும் டூட்டாவும் இவ்வகையைச் சேர்ந்தது. டூட்டா கடிதத்தின் தலைப்பு வரியையும் மறையாக்கம் செய்கிறது. புரோட்டானில் தலைப்புக்கு அந்த முழுப் பாதுகாப்பு இல்லை.

இந்தப் பாதுகாப்பின் எல்லையை மாறுவோர் அறிந்திருக்க வேண்டும். புரோட்டானிலிருந்து ஜிமெயிலுக்குச் செல்லும் சாதாரணக் கடிதத்தின் ஒரு படி கூகுளிடம் படிக்கத்தக்க நிலையிலேயே கிடக்கும். யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பதும் மறைவதில்லை. 2021இல் சுவிட்சர்லாந்து அரசின் ஆணைப்படி, பிரான்ஸைச் சேர்ந்த காலநிலைப் போராளி ஒருவரின் ஐபி முகவரியைப் புரோட்டான் பதிவுசெய்து கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தை அதனால் கொடுக்க முடியவில்லை. சேவையே முடக்கப்படும் அபாயமும் உண்டு. சென்னைப் பள்ளிகளுக்கு வந்த போலி வெடிகுண்டு மிரட்டல்களை அடுத்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு காவல்துறையின் கோரிக்கையின்பேரில் புரோட்டானை இந்தியாவில் முடக்கும் முயற்சி நடந்தது. ஒருவரின் குற்றத்துக்காக எல்லோருடைய அஞ்சல் பெட்டியையும் பூட்ட முனைந்தது நியாயமற்றது.

மாறும் வேலையில் கடினமான பகுதி பழைய கடிதங்களை எடுத்துச் செல்வதன்று. கூகுள் டேக்கவுட் என்னும் தரவிறக்கக் கருவி மூலமோ, ஐமேப் என்னும் அஞ்சல் நெறிமுறை வழியாகவோ அவற்றைப் பெற்றுவிடலாம். வங்கி, வருமான வரி, ஆதார், வருங்கால வைப்புநிதி, காப்பீடு என்று பழைய முகவரி பதிந்துள்ள ஒவ்வோர் இடத்திலும் அதை மாற்றுவதற்கே மாதங்கள் பிடிக்கும். அதுவரை பழைய பெட்டிக்கு வருபவை புதியதற்குத் தானாகச் செல்லும்படி அமைத்துவிட வேண்டும். பழைய கணக்கை உடனே அழிப்பது தவறு; மறந்துபோன ஏதோ ஒரு கணக்கின் கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பு அங்கேதான் வரும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கக்கூடும் என்பதால், அவ்வப்போது உள்நுழைவதும் அவசியம். முழுமையான மறையாக்கம் உள்ள சேவைகளில் கடவுச்சொல்லையும் மீட்புக் குறியீட்டையும் ஒருசேரத் தொலைத்தால், பழைய கடிதங்களை நிறுவனத்தாலும் திறந்து தர இயலாது.

சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) முகவரி வைத்துக்கொள்வது நீடித்த தீர்வு. பின்னர் எந்தச் சேவைக்குப் போனாலும் கடிதங்கள் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் டொமைனின் எம்எக்ஸ் பதிவை மாற்றினால் போதும், முகவரி மாறாது. ஆனால் டொமைனைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். காலாவதியானபின் அதை வாங்குபவருக்கே அந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் போய்ச் சேரும்.